கும்பகோணத்து நீள வீட்டில் வைஃபை

பெரிய வீட்டில் நெட் பிரச்சினையைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் வைஃபையை மறந்துவிட வேண்டும். ஒரு லேப்டாப்பை எடுத்துப்போய், ஃபைபர் வந்து முடிகிற மோடத்தில் கேபிள் போட்டு மாட்டிப் பாருங்கள். அங்கேயே வேகம் விழுகிறது, விட்டு விட்டு வருகிறது என்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில். அங்கே நன்றாக வந்து படுக்கையறையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்ளே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாதாந்திர பிளானை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே பல இருக்கின்றன. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மாடிக் குழாயில் வராவிட்டால், இன்னும் பெரிய தொட்டி வாங்கி வைத்து என்ன பயன்? நல்ல தரமான வீடியோ காலுக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) போதும். 4கே படம் ஓடுவதற்கே 15 இருந்தால் ஆயிற்று. 100 எம்பிபிஎஸ் பிளான் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குத் தாராளம்; அது உட்காருகிற இடத்துக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு கும்பகோணத்தில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. அகலம் இருபது சொச்சம் அடி, நீளம் நூறு அடிக்கு மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் இரண்டாம் கட்டு, சமையலறை, கடைசியில் கொல்லை. சுவரெல்லாம் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர். பின்பக்கத்து மாடி மட்டும் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட். பெரியப்பா குடும்பமும் நாங்களும் சேர்ந்தே இருக்கிறோம். அண்ணனுக்கு ரேழியை ஒட்டிய அறைதான் ஆபீஸ்; ஊர்க் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறார். நான் சென்னைக் கம்பெனி வேலையை மாடியில் பின்னறையிலிருந்து பார்க்கிறேன். பாட்டி சாயங்காலமானால் தாழ்வாரத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியப்பாவுக்கு டிவியில் கச்சேரி. ஆளுக்கொரு மூலை.

ஃபைபர் இழுக்க வருகிறவர் மோடத்தை (வைஃபையைப் பரப்பும் ரவுட்டரும் அதே பெட்டிதான்) தனக்கு எது சுலபமோ அங்கே மாட்டிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அது ரேழியில், தெரு ஜன்னலுக்குப் பக்கத்தில், மின் மீட்டர் பலகைக்கு அடியில். அதாவது, நூறு அடி வீட்டின் ஒரு கோடியில். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது.

முதலில் வெளிக் கோளாறு. சாயங்காலமானால் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது, மழை பெய்தால் இன்னும் மோசம். புகார் கொடுத்தால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற ஒரே பதில். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு அதிலேயே தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரி, கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். நம் வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபர் இணைப்புக்கு அந்த எண் மைனஸ் 27 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் தள்ளாட்டம்தான். எங்கள் வீட்டில் மைனஸ் 28 காட்டியது. மோடத்திலிருந்து கயிறு பிடித்த மாதிரி அந்த மெல்லிய மஞ்சள் வயரைத் தொடர்ந்துகொண்டே போனால், ஜன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. செம்புக் கம்பியை மடக்கினால் ஒன்றும் ஆகாது. ஃபைபரை இறுக்கி மடக்கினால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துபோகும். மரக் கதவு மழைக்கு ஊதி இன்னும் அழுத்தியதால்தான் மழைநாளில் அதிகம் தொல்லை. அந்த எண்ணையும் நசுங்கிய இடத்தையும் படம் எடுத்து அனுப்பிய பிறகு ஆள் வந்து புது வயர் போட்டார். சுவரில் தனி ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தோம். மைனஸ் 20க்கு வந்தது. புகார் செய்யும்போது 'நெட் ஸ்லோ' என்று சொல்லாமல் இப்படி எண்ணோடு சொன்னால் வேலை நடக்கிறது. மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது ஆஃப் ஆன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

அடுத்தது வீட்டுக்குள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு இலவச ஆப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று சிக்னலை எழுதினேன். இது டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. 67 வரை வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓடும். 75ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், 80க்கு மேல் பெயருக்குத்தான் வைஃபை. ஒவ்வொரு 3 டிபிஎம் இறக்கத்துக்கும் சிக்னலின் பலம் பாதியாகிறது என்பதால், 60க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனி போனும் ஒரு மாதிரி காட்டும்.

கூடத்தில் 52. முற்றத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் 61. இரண்டாம் கட்டில் 77. மாடியில் என் அறையில் 84. இதெல்லாம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரைத் தாண்டவே இல்லை. 2.4 அலை நீளமானது, சுமார் 12 சென்டிமீட்டர். சுவரை ஓரளவு கடந்துவிடும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு நெரிசலும் அதில்தான். 5இல் வேகம் உண்டு, சுவர் என்றால் சுருண்டுவிடும்.

இந்தத் தாளில்தான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, முற்றம். சுவரில்லாத இடம் என்பதால் சிக்னல் அதன் வழியாகத் தாராளமாகப் போகிறது. கூடத்துக் கோடியை விட, அதைவிடத் தூரமாக இருக்கும் எதிர்த் தாழ்வாரத்துத் தூண் பக்கம் நன்றாக வந்த இடங்கள் உண்டு. முற்றம் வைத்த வீட்டுக்காரர்கள் இதை விடவே கூடாது. ரவுட்டரை முற்றத்தைப் பார்த்த மாதிரி, சாரல் படாத உயரத்தில் வைத்தால், ஒரே பெட்டி நான்கு பக்கமும் பாயும்.

இன்னொன்று, பாட்டி உட்காரும் இடம். பக்கத்தில் எல்லாம் 62, 63 இருக்க, சாய்வு நாற்காலியில் மட்டும் 74. நேர்க்கோட்டில் பார்த்தால் கூடத்தில் இரண்டு இரும்பு பீரோ தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. இரும்பு சிக்னலைத் திருப்பி அடித்துவிடும், அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டுதான் பாட்டி, "ஏன்டா, கொழந்தை மூஞ்சி கட்டம் கட்டமா வருது?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். பீரோக்களை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். 66 ஆனது. செலவு ஒரு பைசா இல்லை. பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, பரண்மேல் தண்ணீர்த் தொட்டி, இவை ரவுட்டருக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று காசு செலவழிப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அது ஓடும் இரண்டு நிமிஷம் சமையலறைப் பக்கம் வைஃபை தடுமாறுவதை நேரிலேயே பார்க்கலாம்.

இரண்டாம் கட்டும் மாடியும் பீரோ நகர்த்துவதால் தீருகிற விஷயம் இல்லை. கடையில் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது, பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். அண்ணனும் ஒன்று வாங்கி வந்திருந்தார். கோடுகள் முழுசாகத் தெரியும், வேகம் இருக்காது. காரணம் எளியது: சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே திரும்பச் சொல்கிறது. கேட்கும் நேரம் பேச முடியாது, பேசும் நேரம் கேட்க முடியாது, ஆகவே வேகம் ஏறக்குறைய பாதி. அதோடு, சிக்னல் செத்துப்போன இடத்தில் அதை வைத்தால் செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்கிறார்களே, அது இதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றில்தான் பேச வேண்டும் என்றால் ஒன்றரை அடிச் சுவர் அதையும் திணறடிக்கும். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் மெஷ் சரி. அப்போதும் பெட்டிகளை ஒன்றுக்கொன்று பார்வையில் படும்படி, வாசல் நிலைக்கு நேராக வையுங்கள்.

சொந்த வீடு என்றால் என் தீர்மானமான கருத்து ஒன்றுதான்: கேபிள் இழுங்கள். வைஃபை கடைசிப் பதினைந்து இருபது அடிக்கு மட்டும் இருக்கட்டும். சுவர்களைக் கடக்கிற வேலையைக் கம்பி பார்க்கட்டும்.

கேட் 6 என்ற வகை நெட் கேபிள் நூறு மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைக் குறையாமல் கொண்டுபோகும். எவ்வளவு நீள வீடாக இருந்தாலும் அது போதும். வாங்கும்போது உள்ளே முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசியது விலை குறைவு. கொஞ்சம் வளைத்தால் உள்ளே ஒடியும், முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்திய இடம் நாளாவட்டத்தில் லூஸாகும். கம்பியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததும், "தம்பி, கரண்டு பைப் ஏற்கெனவே மாடிக்குப் போகுதுல்ல, அதுக்குள்ளயே இதையும் விட்டுடலாம்" என்றார்.

"வேண்டாம்ணே, கரண்டு ஒயரோட சேர்க்க வேண்டாம். தனி பைப்பாவே போட்டுடலாம்."

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்றைக்காவது மின் வயரின் மேலுறை உருகினால் 230 வோல்ட் நேரே நெட் கேபிளில் ஏறும். அதன் மறுமுனையில் லேப்டாப்பும் ஆளும் இருப்பார்கள். இரைச்சல் புகுவதெல்லாம் அதற்கு அடுத்த கவலை. ரேழியிலிருந்து தாழ்வாரத்துச் சட்டத்தை ஒட்டித் தனி பிவிசி பைப் போட்டு, ஒரு கிளையைத் தாழ்வாரத் தூணுக்கும் இன்னொன்றை மாடிக்கும் கொண்டுபோனோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சுத்தியலும் உளியும் வைத்தால் காரை பெயர்ந்து கொட்டும். நீளமான பிட் போட்ட டிரில்லால் மெதுவாகத் துளைத்தால் சுத்தமாக வருகிறது. கொல்லைப் பக்கம் எலியும் அணிலும் உண்டு, அந்த இடத்தில் பைப் இல்லாமல் கேபிளை வெறுமே விட்டால் ஒரு சீசன்கூடத் தாங்காது.

முனைகளில் கனெக்டர் அடிக்கும்போது நிற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மாடிக் கேபிள் மாட்டியதும் விளக்கு எரிந்தது, நெட்டும் வந்தது, எல்லாரும் கிளம்பத் தயார். லேப்டாப்பில் இணைப்பு வேகத்தைப் பார்த்தால் 1000க்குப் பதில் 100 என்று காட்டியது. எட்டு இழையில் நான்கு சரியாக இருந்தாலே 100 ஓடிவிடும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு இழை ஒரு நூல் குட்டையாக நின்றுவிட்டிருந்தது. வெட்டி மறுபடி அடித்ததும் 1000 வந்தது. எலக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கும்போதே இதைச் சோதித்துவிட வேண்டும்.

ரவுட்டர் பெரிய விலையில் வேண்டியதில்லை. இரண்டு மூவாயிரம் ரூபாயில் கிடைக்கிற இரட்டை அலைவரிசை ரவுட்டர் போதும், ஆனால் கேபிள் மாட்டும் அதன் துளைகள் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். 100 மட்டுமே தரும் துளை வைத்தவையும் அதே மாதிரி அட்டைப்பெட்டியில்தான் விற்கின்றன. தாழ்வாரத்தில் ஒன்று, மாடியில் ஒன்று வைத்து, இரண்டையும், கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புவதை மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினேன். இந்த மாற்றத்தைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனி வலையாகிவிடும். நெட் வரும், ஆனால் மாடியிலிருந்து அண்ணன் அறைப் பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது. அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டராக இருந்தால், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை வெளி இணைப்புக்கான வேன் துளையில் போடாமல் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் துளையில் போட்டால் அதே வேலை செய்யும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டருக்கு இப்படி உயிர் கொடுக்கலாம்.

மூன்று பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. சானல் (அலைவரிசைக்குள் ஒவ்வொரு பெட்டியும் பேசும் தடம்) மட்டும் வேறு வேறு. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்றுதான்; ஆளுக்கொன்று கொடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் உள்ளே கேட்கும். 40க்கு விரித்தால் அவர்களோடு மோதி நமக்கும் கெடும், அவர்களுக்கும் கெடும். 5இல் இடம் தாராளமாக இருக்கிறது, அங்கே 80 வைக்கலாம்.

இதற்குப் பிறகும் ஒரு சங்கடம் இருந்தது. அண்ணி ரேழியிலிருந்து பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனால், போன் ரேழி ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கும், பக்கத்தில் இருப்பதற்கு மாறாது. எதோடு இணைவது என்பதைத் தீர்மானிப்பது போன், ரவுட்டர் அல்ல. 802.11கே, வி, ஆர் என்ற வசதிகள் உள்ள பெட்டிகள் போனுக்கு யோசனை சொல்லும், மாறுவதை விரைவாக்கும். அது இல்லாத பெட்டிகளுக்குக் கைவைத்தியம், 2.4இன் ஒலிபரப்புச் சக்தியை நடுத்தரத்துக்குக் குறைப்பது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் ரேழியின் சிக்னல் சமையலறையில் பலவீனமாகக் கேட்டால்தான் போன் அதை விட்டு வரும். குறைத்த அன்றே சரியானது.

டிவி, அண்ணனின் கம்ப்யூட்டர், வாசல் கேமரா, நகராத எதையும் கேபிளில் மாட்டிவிட்டோம். காற்றில் எத்தனை பேர் குறைகிறார்களோ, மிச்சப் போன்களுக்கு அவ்வளவு இடம். கேமரா இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். அது நாள் முழுக்கப் படத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். கூடவே பிள்ளைகளின் போன் கல்யாண வீடியோவை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால், மேலே போகிற வரிசை நிரம்பி என் மீட்டிங்கில் குரல் வெட்டும். வேகச் சோதனை செய்தால் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டும், அதனால் காரணமே புரியாது. போன் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றினோம், கேமராவின் பதிவை அதிலேயே உள்ள மெமரி கார்டுக்குத் திருப்பினோம். ரவுட்டரில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி) இருந்தால் ஏற்றும் வேகத்துக்கு உண்மை வேகத்தில் 90 சதவீதம் என்று வரம்பு வையுங்கள், குரல் வெட்டுவது நின்றுவிடும்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போகும் அந்த நொடியில் மோடம் அணைந்து எரிந்து, மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலின் நடுவில் அண்ணனுக்கு அது எவ்வளவு படபடப்பு என்று வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் உண்டு. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைகிறது. அதோடு மோடத்துக்கும் தாழ்வார ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒவ்வொன்று வைத்தோம். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு வாங்குங்கள். சில ரவுட்டர் 9 வோல்ட், அதில் 12ஐச் செருகினால் போயிற்று. பெட்டிகளை அலமாரிக்குள் மூடியும் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய அலமாரிக்குள் சூடேறி ரவுட்டர் தானே நின்று தானே எழும்.

கடைசியாகச் செய்தது, மோடத்துக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியது. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், சிவப்பு மின்னினால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் பெரிய எழுத்தில். நான் ஊரில் இல்லாதபோது பெரியப்பாவே படித்துப் பார்த்து, "எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது" என்று கேபிள்காரரிடம் நேரே சொல்லிவிடுகிறார்.

மிச்சம் இருப்பது கொல்லைக் கோடியில் இருக்கும் அறை. அங்கேயும் ஒரு கேமரா வேண்டும் என்று அம்மா கேட்கிறார். திறந்த வெளியில் செம்புக் கேபிளை இழுத்தால் இடி மின்னலின்போது பாய்கிற மின்சாரம் அதன் வழியே வீட்டுக்குள் வந்து எல்லாப் பெட்டியையும் கொண்டுபோய்விடும், ஆகவே அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்தால் போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பள்ளம் வெட்டிக் குழாயில் இறக்கிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லியிருக்கிறார்.